பத்தாவது முடித்த மகளுக்கு கேரியர் டெஸ்ட்: ரிப்போர்ட்டை வைத்து குரூப் எடுக்கலாமா?

திருப்பூர் அப்பா | 11 மே 2024, காலை

நேற்று பத்தாவது ரிசல்ட். மகள் 431. நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். போன மாதம் ஆன்லைனில் பணம் கட்டி அவளுக்கு ஒரு கேரியர் டெஸ்ட் எழுத வைத்தோம். பெரிய ரிப்போர்ட்டாக வந்திருக்கிறது. பிறருக்கு உதவும் வேலை முதலிடம், கலை சார்ந்த வேலை இரண்டாமிடம், ஆராய்ச்சி கடைசி. சைக்காலஜி, சோசியல் ஒர்க், டீச்சர், டிசைன் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். கணக்கு, இயற்பியல், வேதியியல் உள்ள ஃபர்ஸ்ட் குரூப்பை எடுக்காதே என்றுதானே அர்த்தம்? வீட்டில் எல்லோரும் இந்த மார்க்குக்கு ஃபர்ஸ்ட் குரூப்தான் என்கிறார்கள். அவளிடம் கேட்டால் "உங்க இஷ்டம்பா" என்று போய்விடுகிறாள். இதற்கிடையில் மச்சான், விரல் ரேகையை ஸ்கேன் பண்ணி மூளையையே படித்துச் சொல்கிறார்கள், அதையும் எடுத்துப் பார்த்துவிடு என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 11 மே 2024, பகல்

விரல் ரேகைக்குப் பணம் கட்டாதீர்கள் சார். காரணம் பிறகு எழுதுகிறேன். அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிட வேண்டாம்.

கையில் இருக்கிற ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு கேள்வி. உங்கள் மகள் என்னென்ன கேள்விக்கு என்ன பதில் போட்டாள் என்பது அதில் இருக்கிறதா, முடிவு மட்டும்தானா? பதில்கள் இருந்தால் அந்தப் பக்கங்களைப் பத்திரமாக வையுங்கள். வண்ணப் படங்களைவிட அவைதான் உங்களுக்கு உதவும்.

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 11 மே 2024, இரவு

அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்கு உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பும் என்னிடம்தான். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

டெஸ்ட் என்று பொதுவாகச் சொன்னாலும் இவை மூன்று தனித்தனி வகை. பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பது நாட்டத் தேர்வு. எதைச் செய்ய வரும் என்று கணக்கு, படம், மொழி கொடுத்துப் பார்ப்பது திறன் தேர்வு. கூச்சமா கலகலப்பா என்று குணத்தைக் கேட்பது மூன்றாவது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் மகள் எழுதியது முதல் வகை. ஆராய்ச்சி கடைசி என்றால், ஆராய்ச்சி சம்பந்தமான வரிகளுக்கு அவள் குறைவாக "பிடிக்கும்" போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். கணக்கு வராது என்றோ இயற்பியல் ஏறாது என்றோ அந்த ரிப்போர்ட் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் அது அவளிடம் ஒரு கணக்கைக்கூடக் கேட்கவில்லை.

இந்த மாதிரி டெஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கும் யோசனைக்கு வயது நூறுக்கு மேல். 1908இல் பாஸ்டன் நகரத்தில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் வேலை தேடும் இளைஞர்களுக்காக ஒரு ஆலோசனை நிலையம் தொடங்கினார். உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், பிறகு இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவர் சொன்ன வழி. இன்றைக்கும் எல்லா டெஸ்ட்டுக்கும் அடித்தளம் இதுதான். 1927இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ராங், ஒரு தொழிலில் இருப்பவர்களின் விருப்பு வெறுப்போடு உன் விருப்பு வெறுப்பு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் படிவத்தைக் கொண்டுவந்தார். 1959இல் ஜான் ஹாலண்டின் கோட்பாடு வந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆறு வகைப் பிரிவு: கையால் செய்பவர், ஆராய்பவர், படைப்பவர், பிறருக்கு உதவுபவர், முன்னின்று நடத்துபவர், ஒழுங்குபடுத்துபவர். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள தலைப்புகளும் இந்த ஆறாகத்தான் இருக்கும்.

பார்சன்ஸ் சொன்னதில் "வேலைகளைத் தெரிந்துகொள்" என்று ஒரு பாதி இருக்கிறதே, நம் ஊரில் அந்தப் பாதி நடப்பதே இல்லை. டெஸ்ட் மட்டும் நடக்கிறது. என் மனக்குறை எல்லாம் அங்கேதான்.

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 12 மே 2024

விரல் ரேகை விஷயம்.

டி.எம்.ஐ.டி. என்ற பெயரில் விற்கிறார்கள். பத்து விரலையும் ஸ்கேன் செய்து, மூளையின் எந்தப் பகுதி வலுவானது, பிள்ளை டாக்டரா வக்கீலா என்றெல்லாம் சதவீதக் கணக்கில் கொடுப்பார்கள். ரேகை என்பது குழந்தை கருவில் இருக்கும்போதே, ஆறு மாதம் ஆவதற்குள் அமைந்துவிடுகிற தோல் மடிப்பு. சில மரபணுக் கோளாறுகளில் ரேகையும் மாறுபடும் என்பது உண்மை. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் பலருக்கு உள்ளங்கையில் ஒற்றைக் கோடு ஓடும். இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதையெல்லாம் கட்டுகிறார்கள். ஆரோக்கியமான பிள்ளையின் கட்டை விரலுக்கும் அக்கவுண்டன்சிக்கும் தொடர்பு இருப்பதாக எந்த ஆய்வும் நிறுவவில்லை. ஹாவர்ட் கார்ட்னர் 1983இல் எழுதிய பல்வகை அறிவுக் கோட்பாட்டின் பெயரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கோட்பாட்டில் ரேகைக்கு இடமே இல்லை. இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2019இல் இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தன் நிலைப்பாட்டை அறிக்கையாகவே வெளியிட்டது.

என் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா, கடன் வாங்கி இதை எடுத்துக்கொண்டு வந்தார். மண்டியில் மூட்டை இறக்குகிறவர். அவள் பயாலஜி எடுக்கவே கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அவளோ தவளையின் இதயத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, புத்தகத்தை மூடி வைத்து வரைகிற பெண். அவரை உட்காரவைத்துப் பேசிப் புரியவைக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. நல்ல வேளையாகக் கேட்டுக்கொண்டார். எத்தனை பேர் டீச்சரிடம் வராமலே முடிவெடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கொதிக்கிறது.

மலைக்கோட்டைக்காரர் | 12 மே 2024

டீச்சர், நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் என் பையனுக்கு எடுத்தபோது அப்படியே புட்டுப் புட்டு வைத்தது. "திறமை இருக்கிறது, முழுதாக வெளிப்படவில்லை. வெளியில் தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் தயக்கம் உண்டு." அப்படியே அவன்தான்.

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 12 மே 2024, இரவு

சார், அந்த இரண்டு வரியை என் வகுப்பில் எந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் படித்தாலும் "அப்படியே எங்க பிள்ளைதான்" என்பார்கள்.

1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணத் தேர்வு வைத்தார். சில நாள் கழித்து ஆளுக்கொரு முடிவுத்தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் சொன்னார், எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள், அதன் வரிகள் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை என்று. அதனால் ரிப்போர்ட் "பொருந்துகிறதே" என்று தோன்றுவதை மட்டும் வைத்து நம்பிவிடக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ரிப்போர்ட்டைப் பெயரை மறைத்துப் படித்துப் பாருங்கள். அதுவும் பொருந்தினால் விஷயம் தெரிந்துவிடும்.

இந்த எச்சரிக்கை உங்கள் மகளின் ரிப்போர்ட்டுக்கும்தான் சார், திருப்பூர்காரரே. அதிலும் குணநலன் பத்திகள் இருந்தால் வேகமாகத் தாண்டிப் போங்கள்.

ஐ.டி.யில் இருக்கும் ஒருவர் | 13 மே 2024

எங்கள் கம்பெனியில் பதினாறு வகை ஆளுமைத் தேர்வு வைத்தார்கள். எனக்கு ஐ.என்.டி.ஜே. என்ற நான்கெழுத்து வகை வந்தது. போன வருடம் ஐ.என்.எஃப்.பி. எந்த வேலைக்குப் போவது?

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 13 மே 2024

மையர்ஸ்-பிரிக்ஸ் என்று அதற்குப் பெயர். உளவியலாளர் யுங் 1921இல் எழுதியதை அடிப்படையாக வைத்து கேத்தரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது. ஒவ்வொரு குணத்தையும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரிப்பதால், கோட்டின் அருகே நிற்பவருக்கு ஒரு பதில் மாறினாலும் எழுத்து மாறிவிடும். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும். வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். உங்களைப் பற்றி யோசிக்க ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து வேலையை விடாதீர்கள்.

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 14 மே 2024

இந்த இழையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதுதான். கொஞ்சம் நீளும்.

அமெரிக்கத் தொழிலாளர் துறை ஓநெட் என்ற தளத்தில் ஹாலண்டின் ஆறு வகைக்கும் சேர்த்து 60 வரிகள் உள்ள நாட்டத் தேர்வை இலவசமாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு வரியும் ஒரு வேலை. மிகவும் பிடிக்கும் என்பதிலிருந்து பிடிக்கவே பிடிக்காது என்பது வரை ஐந்தில் ஒன்றைத் தொட வேண்டும். பணம் கட்டி எழுதும் பல தேர்வுகளைவிட இது நேர்மையானது என்பது என் எண்ணம். எங்கள் ஹைடெக் லேபில் நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் நோட்டில் எண் போடுவார்கள்.

அதில் ஒரு வரி: "செங்கல் அல்லது டைல்ஸ் பதிப்பது."

பத்தாவது பையன் ஒருவன். அப்பா கொத்தனார். லீவு விட்டால் அப்பாவுக்குக் கூடமாட உதவப் போவான். அன்று லேபுக்குள் வந்தவன் உட்காரும் முன்பே ஜன்னலுக்குக் கீழே ஒரு டைல்ஸைக் காலால் தட்டிப் பார்த்தான். குனிந்து விரல் மூட்டால் இன்னொரு தடவை தட்டினான். "மிஸ், இது அடியில கலவை சேரல. சத்தத்தக் கேளுங்க, வெறுங்கூடு. ஒரு நாள் நாற்காலி கால் பட்டு உடையும்" என்றான். பக்கத்து டைல்ஸைத் தட்டிக் காட்டினான். சத்தம் வேறாகத்தான் இருந்தது. ரசமட்டம் இல்லாமலே, எந்த வரிசை நூல் பிசகி ஏறியிருக்கிறது என்றும் காட்டினான். கண்ணெல்லாம் மின்னியது.

அதே பையன் அந்த வரிக்குப் போட்ட எண் 1. பிடிக்கவே பிடிக்காது.

நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஏன்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிடிக்கும்னு போட்டா அதுவே வந்துரும்ல மிஸ்" என்றான்.

அந்தத் தேர்வின் முகப்பிலேயே, சம்பளம் எவ்வளவு, படிப்பு போதுமா என்பதையெல்லாம் நினைக்காமல் பதில் போடு என்று எழுதியிருக்கிறது. எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பையனால் அப்படி எப்படிப் போட முடியும்? டைல்ஸ் என்ற சொல்லோடு வெயிலும், சனிக்கிழமைக் கூலிக்குக் காத்து நிற்பதும், தன் வயதுப் பையன் ஒருவன் இவன் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் சேர்ந்துதான் அவன் காதில் விழுகிறது. எந்த வேலையை எந்தத் தெருக்காரர் செய்ய வேண்டும் என்று சாதி பல தலைமுறையாக எழுதி வைத்த ஊரில், கைவேலை பற்றிய கேள்வி வெறும் விருப்பக் கேள்வியாக இருக்க முடியாது. என் வகுப்பில் கையால் செய்பவர் என்ற வகை கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைக்கும் தரையில் கிடக்கும். ஒட்டன்சத்திரத்துப் பிள்ளைகளுக்குக் கை வராது என்றா முடிவு கட்டுவது?

அவனுக்கு வந்த முடிவு, ஒழுங்குபடுத்துபவர். ஆபீஸ், கணக்கு, கோப்பு. அதை அப்படியே எடுத்திருந்தால் காமர்ஸ் இருக்கும் தேர்ட் குரூப் என்று எழுதிக் கொடுத்திருப்போம்.

நான் அவனிடம் கேட்டது வேறு. கொத்தனாருக்கும் இன்ஜினியருக்கும் நடுவில் என்னென்ன வேலை இருக்கிறது தெரியுமா என்று. தெரியாது. ஐ.டி.ஐ.யில் சிவில் வரைவாளர் என்று இரண்டு வருடப் படிப்பு இருப்பதோ, சர்வேயர் பிரிவு இருப்பதோ, பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் சிவில் டிப்ளமோ படித்து அங்கிருந்து நேரே பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதோ அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் பார்த்தது இரண்டே ஆட்கள்: சட்டி தூக்கும் அப்பா, காரில் வந்து பார்த்துவிட்டுப் போகிற இன்ஜினியர். இரண்டைத்தான் தெரியும் என்றால் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்?

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 14 மே 2024, சற்று பிறகு

பெண் பிள்ளைகளைப் பற்றி எழுத விட்டுப்போனது. ஸ்ட்ராங்கின் படிவம் வெகுகாலம் ஆண்களுக்கு நீல நிறம், பெண்களுக்கு இளஞ்சிவப்பு நிறம் என்று இரண்டாக இருந்தது. வேலைப் பட்டியலே வேறு வேறு. 1974இல்தான் ஒன்றாக்கினார்கள். இப்போது படிவம் ஒன்றுதான். ஆனால் பதில் போடும் பிள்ளையின் மனதில் இன்னும் இரண்டு படிவம் இருக்கிறது. "மின்சாதனங்களைப் பழுதுபார்ப்பது" மாதிரி ஒரு வரி வந்தால் பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். அவர்களில் வீட்டில் மிக்ஸி கார்பன் மாற்றத் தெரிந்தவளும் இருப்பாள். "பிறருக்கு உதவுவது" வந்தால் யோசிக்காமல் 5. நல்ல பெண் அப்படித்தானே போட வேண்டும்?

திருப்பூர் அப்பாவுக்கு: உங்கள் மகளுக்கு "உதவும் வேலை" முதலிடம் வந்ததை இந்தக் கண்ணோடும் ஒரு முறை பாருங்கள். உண்மையிலேயே அவள் மனமாக இருக்கலாம். "உங்க இஷ்டம்பா" என்று சொல்லிப் பழகிய பழக்கமாகவும் இருக்கலாம்.

வெளிநாட்டில் நர்ஸ் | 15 மே 2024

எனக்கு நர்ஸிங்கில் எந்த நாட்டமும் இல்லை அக்கா. இரண்டு தங்கச்சிகள், அப்பா இல்லை. சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று எடுத்தேன். முதல் வருடம் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தேன். இன்றைக்கு ஐ.சி.யு.வை விட்டுவிட்டு வேறு வார்டுக்குப் போ என்றால் சண்டை போடுவேன். பணத்தை நினைக்காமல் பதில் போடு என்பது எங்கள் மாதிரி வீட்டுக்கு ஒத்துவராது.

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 15 மே 2024

உன் பதிவைப் படித்ததும் பள்ளியில் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியதும்மா. அனுமதி கொடுத்தால் படிப்பேன்.

பணத்தை நினைப்பதில் எந்தத் தப்பும் இல்லை. சம்பளமும் நிலையும் சேர்ந்ததுதான் வேலை. பிள்ளையின் விருப்பத்தையும் வீட்டின் தேவையையும் இரண்டு தனித் தாளில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். ஒரே தாளில் எழுதினால் தேவை எப்போதும் விருப்பத்தை அடித்துவிட்டு அதன் பெயரிலேயே உட்கார்ந்துகொள்ளும். பிறகு தனக்கு என்ன பிடித்தது என்பதே பிள்ளைக்கு மறந்துவிடும்.

நீ சொன்னதற்கு ஆய்வும் துணை நிற்கிறது. நாட்டம் பிறவியிலேயே முடிவாகிவிடுவதில்லை. 12 முதல் 17 வயது வரை அது அத்தனை நிலையாக இல்லை, 18 முதல் 21 வரையான காலத்தில்தான் நன்றாக உறைகிறது என்று 2005இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. நாம் டெஸ்ட் வைப்பதோ 14, 15 வயதில். அந்த வயது முடிவைப் பென்சிலில் எழுதியதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

11ஆம் தேதி, நாட்டமும் திறனும் வேறு வேறு என்று எழுதியிருந்தேன். அதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்: இரண்டும் ஒன்றை ஒன்று வளர்க்கும். கை பழகப் பழக மனமும் ஒட்டும். நர்ஸ் தங்கச்சிக்கு நடந்தது அதுதான். அதற்காக எதில் தள்ளிவிட்டாலும் பிடித்துப்போகும் என்று சொல்ல மாட்டேன். பிடிக்காத குரூப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்து வாடிப்போன பிள்ளைகளையும் பார்த்தவள் நான்.

திருப்பூர் அப்பா | 17 மே 2024

டீச்சர், பதில் பக்கங்கள் கிடைத்துவிட்டன. ஃபர்ஸ்ட் குரூப்பா வேண்டாமா என்பதற்கு மட்டும் நேராகச் சொல்லுங்கள். அட்மிஷன் நெருங்குகிறது.

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 18 மே 2024

உங்கள் மகளைப் பார்க்காமல் குரூப் சொல்ல மாட்டேன். எந்தக் குரூப்பில் எந்தக் கதவு திறக்கும் என்பதைச் சொல்கிறேன்.

கணக்கு, இயற்பியல், வேதியியல் இல்லாமல் பன்னிரண்டாவது முடித்தால் நேரடியாக பி.இ. வழி அடைபடும். ஆர்க்கிடெக்சருக்கும் கணக்கு வேண்டும். பயாலஜி இல்லாமல் டாக்டர் இல்லை, பி.எஸ்சி. நர்ஸிங்கும் இல்லை. ரிப்போர்ட்டில் வந்த சைக்காலஜி, சோசியல் ஒர்க் இரண்டையும் பெரும்பாலான கல்லூரிகளில் எந்தக் குரூப் படித்தவரும் எடுக்கலாம். ஐந்து வருட சட்டப் படிப்பும், சி.ஏ.வும் அப்படியே. டிசைன் என்றால், நிஃப்ட் (தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம்), என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) நுழைவுத் தேர்வுகளை எந்தக் குரூப் பிள்ளையும் எழுதலாம். ஆனால் நிஃப்டிலேயே ஆடைத் தொழில்நுட்பப் படிப்புக்குக் கணக்கு வேண்டும். நீங்கள் இருக்கிற ஊருக்கு அது முக்கியம்.

ஆக, ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் அந்த ரிப்போர்ட் சொன்ன எதுவும் மூடிவிடாது. உங்கள் வீட்டார் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. அதற்கு விலை உண்டு. கணக்கும் இயற்பியலும் அவளுக்குப் பாரமாக இருந்தால் பன்னிரண்டாவது மார்க் சரியும். கதவு திறந்திருந்தும் உள்ளே போகக் கட்-ஆஃப் இருக்காது. இதை எந்த நாட்டத் தேர்வும் சொல்லாது. அவளுடைய ஒன்பதாவது, பத்தாவது கணக்கு விடைத்தாள்கள் சொல்லும். மொத்த மார்க்கைப் பார்க்காதீர்கள், எந்த மாதிரிக் கணக்கில் மார்க் போனது என்று அவளோடு உட்கார்ந்து பாருங்கள். புத்தகக் கணக்கை அப்படியே போட்டு வாங்கினாளா, புதிதாகத் திருப்பிக் கேட்டதையும் போட்டாளா? எனக்கு இது ஒன்றே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

சி.பி.எஸ்.இ.யில் படித்திருந்தால் தமன்னா என்று ஒன்பது, பத்தாம் வகுப்புக்கான திறன் தேர்வு இருக்கிறது. மொழி, எண், இயந்திர அறிவு, வடிவங்களைக் கற்பனையில் திருப்பிப் பார்ப்பது என்று ஏழு திறன்களைத் தனித்தனியாகப் பார்க்கும். பாஸ், ஃபெயில் கிடையாது. நம் அரசுப் பள்ளிகளில் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் வழிகாட்டல் நடக்கிறது. தனியார் பள்ளி என்றால் இது போல ஏதாவது உண்டா என்று கேளுங்கள்.

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 18 மே 2024, இரவு

பதில் பக்கங்களை வைத்து என்ன செய்வது என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

அவள் 5 போட்டதில் சிலவற்றையும் 1 போட்டதில் சிலவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் "இதை யாராவது செய்வதை நீ பார்த்திருக்கிறாயா?" என்று கேளுங்கள். "ஏன் பிடிக்கும்?" என்று ஆரம்பிக்க வேண்டாம், பிள்ளைகள் நாம் விரும்புகிற பதிலைத் தேடுவார்கள். பார்த்ததே இல்லை என்றால் அந்த எண்ணுக்கு எடை கிடையாது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் கேள்விக்குறிதான் வரும். அந்தக் கேள்விக்குறிகள்தான் லீவுக்கான வேலைப் பட்டியல்.

முடிந்தால் அம்மா கேட்கட்டும், அல்லது அத்தை, சித்தி யாராவது. நீங்கள் கேட்டால் மறுபடியும் "உங்க இஷ்டம்பா"தான் வரும்.

2000இல் பிரவுன், ரியான் கிரேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தொழில் வழிகாட்டலில் உண்மையில் எது பலன் தருகிறது என்று பழைய ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். தன் எண்ணங்களை எழுதி வைப்பது, முடிவை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவது, வேலை உலகத் தகவல், அந்த வேலையில் இருக்கும் முன்மாதிரியைப் பார்ப்பது, வீட்டார் துணை. இந்த ஐந்தும்தான் முன்னே வந்தன. ஆன்லைனில் ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்பிவிட்டுப் போகிறவர்கள் இந்த ஐந்தில் எதைக் கொடுக்கிறார்கள்?

திருப்பூர் அப்பா | 25 மே 2024

டீச்சர், நீங்கள் சொன்ன மாதிரி என் மனைவி கேட்டாள். நிறையக் கேள்விக்குறி. என் வேலையையே அவள் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. லீவுதானே என்று கம்பெனிக்குக் கூட்டிப்போனேன். ஓவர்லாக், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் எல்லாம் சும்மா பார்த்துக்கொண்டே வந்தாள். சாம்பிள் செக்‌ஷனில் பேட்டர்ன் மாஸ்டர் கம்ப்யூட்டரில் மார்க்கர் போட்டுக்கொண்டிருந்தார். டி-ஷர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப் பட்டி எல்லாவற்றையும் துணி வீணாகாமல் நெருக்கி அடுக்குவது. அங்கே நின்றவள் நகரவே இல்லை. "அந்தக் கையத் திருப்பி இந்த இடுக்குல வெச்சா பத்தாதாண்ணா?" என்று கேட்டாள். அவர் வைத்துப் பார்த்தார். துணிச் செலவு குறைந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்து, "யாருங்க சார் இந்தப் பாப்பா?" என்றார். எனக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 25 மே 2024

சார், படித்துவிட்டுச் சமையலறையில் நின்றபடியே இதை எழுதுகிறேன். அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் மகளிடம் இருப்பது வடிவங்களை மனதிலேயே திருப்பிப் பார்க்கும் திறன். நாட்டத் தேர்வில் அது வராது, ஏனென்றால் மார்க்கர் போடுவது என்று ஒரு வரி அதில் இல்லை. இருந்திருந்தாலும் பார்க்காததற்கு என்ன எண் போட்டிருப்பாள்? இந்தத் திறன் ஆடைத் தொழில்நுட்பத்துக்கும் ஆகும், ஆர்க்கிடெக்சருக்கும் ஆகும், இயந்திரவியல் டிசைனுக்கும் ஆகும். மூன்றுக்கும் கணக்கு வேண்டும். கணக்கு விடைத்தாளைப் பார்த்துவிட்டீர்களா? அது சரியாக இருந்தால் ஃபர்ஸ்ட் குரூப்புக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. மார்க்கு இருக்கிறதே என்பதைவிட இது நல்ல காரணம்.

ஒரு நாளில் பேட்டர்ன் மாஸ்டர்தான் என்று எழுதிவிடவும் வேண்டாம். இன்னும் இரண்டு கேள்விக்குறிக்காவது ஆளைக் காட்டுங்கள். உதவும் வேலை முதலிடம் வந்ததே, அதையும் சும்மா விடாதீர்கள். பக்கத்தில் சிறப்புப் பள்ளி இருந்தால் ஒரு நாள் போய் உட்கார்ந்து வரட்டும்.

மலைக்கோட்டைக்காரர் | 26 மே 2024

டீச்சர், அந்த டைல்ஸ் பையன் என்ன ஆனான்?

ஒட்டன்சத்திரம் டீச்சர் | 26 மே 2024

பாலிடெக்னிக் சிவிலுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். அவன் அப்பாவுக்கு முதலில் மனசில்லை. சிமெண்ட் பக்கமே போகக் கூடாது என்றுதானே படிக்கவைத்தேன் என்றார். அந்த வருத்தத்தை மதிக்கிறேன், அது பட்டவருடைய வருத்தம். சர்வே கருவியைக் காலூன்றி நிறுத்திக் கண் வைத்துப் பார்க்கிற ஒருவரை நேரில் காட்டிய பிறகுதான் சம்மதித்தார். பையனும் அவரும் சேர்ந்தே வந்து பார்த்தார்கள். அதற்கு நெடுஞ்சாலைப் பணியில் இருந்த ஒருவர் ஒரு மதியவேளையைக் கொடுத்தார்.

அதனால் இங்கே படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். திண்டுக்கல், பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் வேலையில் இருப்பவர்கள், பள்ளி திறந்ததும் ஒரு பீரியட் வந்து பேச முடியுமா? எனக்கு உடனே வேண்டியவர்கள்: லேப் டெக்னீஷியன், வெல்டர், மின்வாரிய லைன்மேன், கோர்ட்டில் எழுத்தர், கால்நடை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர். பெண்களாக இருந்தால் இன்னும் நல்லது, அதிலும் வெல்டிங், எலக்ட்ரிக்கல் பக்கம் இருப்பவர்கள். பவர்பாயிண்ட் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். உங்கள் கருவியைக் கொண்டு வாருங்கள், காலையில் வேலைக்குப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள், சம்பளம் என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பஸ் செலவு என் பொறுப்பு. தனிச்செய்தியில் எழுதுங்கள்.